வாயு அண்ணன் தோளில் போட்ட கம்ப்யூட்டர்

தை மாதம் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்தேன். மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். பால் காய்ச்சினேன், முகம் மழித்தேன், செருப்பைத் துடைத்து வைத்தேன். டைரியில் "கடும் பனி, மலை தெரியவில்லை" என்று எழுதிவிட்டு, தங்கை மகள் பவித்ராவின் கல்யாணத்துக்காக மலையடிவார மண்டபத்துக்குக் கிளம்பினேன். அந்த நாளைப் பற்றி இப்போது எழுத உட்கார்ந்தால் மணமக்கள் இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வருகிறார்கள். முதலில் வந்து நிற்பவர் வாயு அண்ணன்.

திருத்தணியில் வாயு அண்ணனிடம் ஒரு தடவையாவது வயிற்றைக் காட்டாத மனிதர் கிடையாது. கல்யாண வீடியோ எடுப்பது அவர் தொழில். வாயுவைக் கண்டுபிடிப்பது அவர் வாழ்க்கை. அறுபது வயது, தனிக்கட்டை. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். எதிரில் யார் வந்தாலும் "சாப்டாச்சா?" என்று கேட்க மாட்டார். "ஏப்பம் வந்துச்சா?" என்றுதான் கேட்பார். வரவில்லை என்றால் நின்ற இடத்திலேயே சட்டைப் பையில் இருந்து சுக்குத் துண்டு ஒன்று வெளியே வரும்.

மனிதர்களோடு நிறுத்தினால் பரவாயில்லை. ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாவிட்டால் வாயு. மைக் கரகரத்தால் வாயு. எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த அன்று, மின்வாரிய ஊழியர் கம்பத்தின் மேல் இருக்க, கீழே நின்று, "ரொம்ப நாளா அடக்கி வெச்சிகினு இருந்திருக்குதுபா" என்று பரிதாபப்பட்டார். போட்டோ எடுக்கும்போது மணமகனைச் சிரிக்கச் சொல்லவே மாட்டார். "மூச்ச இழுத்துப் புடிங்க, வயிறு உள்ள போவணும்" என்பார். அதனால் எங்கள் ஊர் ஆல்பங்களில் எல்லா மாப்பிள்ளைகளும் கிணற்றில் குதிக்கப் போகிறவர்கள் மாதிரியே இருப்பார்கள். என் ஆல்பத்தில் நானும்.

எதையும் வரிசைப்படி பார்த்துப் பழகியவன் நான். எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் வைத்திருப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஆனால் பவித்ராவின் அப்பா முனிரத்தினம், வீடியோவுக்கு இவர்தான் வேண்டும் என்று குவைத்தில் இருந்து பிடிவாதம் பிடித்தார். அவர் கல்யாணத்தையும் எடுத்தவர் வாயு அண்ணன்தானாம்.

முனிரத்தினம் அங்கே வெல்டர். ஒரே மகளின் கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டு, பெட்டியும் கட்டி வைத்திருந்தார். கடைசி வாரத்தில் கம்பெனி லீவை ரத்து செய்துவிட்டது. மனைவியின் அண்ணனான என்னை, தெலுங்கு வழக்கில் அவர் 'பாவா' என்பார். "பாவா, தாலி கட்டறத மட்டும் நேர்ல பாக்கற மாதிரி காட்டிடு பாவா. வேற எதுவும் வேணாம்" என்றார். அப்படி ஒரு குரலில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. "காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன்.

மூன்று கேமராக்களின் படத்தையும் சேர்த்து நேரலையில் அனுப்ப, வாயு அண்ணன் தன் கடைக் கம்ப்யூட்டரையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கண்ணாடிப் பெட்டி, உள்ளே கலர் கலராக விளக்கு. அதன் பிராசஸர் சூடாகாமல் இருக்க ஒரு திரவம் ஓடும். பிராசஸரின் தலையில் சின்னப் பம்ப். அது சூட்டை வாங்கிக்கொண்ட திரவத்தை ரப்பர் பைப் வழியே பெட்டியின் உச்சியில் இருக்கும் ரேடியேட்டருக்குத் தள்ளும். அங்கே விசிறிகள் ஊதி ஆற்றும். "தண்ணி ஓடிகினே இருக்குது பாரு, இதுக்குள்ள வாயு தங்காது" என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆசையாக வாங்கியது.

மேடைக்குப் பக்கவாட்டில் மேஜை போட்டிருந்தார்கள். அதற்கு நேர் மேலே, சுவரில், மல்லிகைச் சரம் சுற்றிய சாமி படம். கொஞ்ச நேரத்தில் முனிரத்தினத்தின் அக்கா சரோஜா வந்தார். மண்டபத்தில் அன்று சட்டம் அவர் வாய்தான்.

"ஏங்க வீடியோக்காரரே, உங்க பொட்டி சாமி மேல அனலா ஊதுது. பூவு வாடுது பாருங்க. கல்யாண நாளும் அதுவுமா இன்னா வேல இது?"

வாயு அண்ணன் பதறிப்போனார். சாமிக்கு அபசாரம் என்றால் அவருக்குத் தாங்காது. பந்தி நடக்கும் இடத்துக்கு ஓடி இரண்டு செங்கல் கொண்டு வந்தார். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி அவற்றின் மேல் வைத்தார். "இப்ப கீழதான் ஊதும்" என்றார். சரோஜா அக்கா திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கும் அது சாமர்த்தியமாகவே பட்டது.

மணமகன் மேடைக்கு வந்தபோது படம் திக்கியது. திரையில் பிராசஸரின் சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. என் போன் அடித்தது.

"பாவா, படம் நின்னுபோச்சி. மாப்ள ஒரு கால தூக்கினாரு, அப்டியே நிக்கறாரு."

"ரெண்டே நிமிஷம், முனிரத்தினம்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்தது.

நான் வரிசைப்படி ஆரம்பித்தேன். முதலில் தூசி, வலையைக் கழற்றித் துடைத்தோம், தூசி இல்லை. அடுத்து விசிறிகள், கம்ப்யூட்டரை மறுபடி போட்டுப் பார்த்தால் எல்லாம் சுற்றின. வெளியே பனி, ஆகையால் வெயிலின் மேலும் பழி போட முடியாது. பைப்புகளைத் தொட்டேன். பிராசஸருக்குப் பக்கத்தில் கை வைக்க முடியாத சூடு. ரேடியேட்டரோ சில்லென்று இருந்தது. அதாவது திரவம் நகரவே இல்லை. ஏன் நகரவில்லை என்பதுதான் பிடிபடவில்லை. அதற்குள் சூடு மறுபடி தொண்ணூறு. மேடையில் ஐயர், "பொண்ண அழச்சிகிட்டு வாங்கோ" என்று குரல் கொடுத்தார்.

வாயு அண்ணன் கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டார். முகம் மாறியது.

"தம்பி, கொடகொடன்னு சத்தம் வருது. நா சொன்னா நீ சிரிப்ப."

"சொல்லுங்கண்ணே."

"வாயு."

பக்கத்தில் நின்ற கேமராக்காரப் பையன்கள் இருவரும் சிரித்தே விட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. "அண்ணே, அங்க ஒரு மனுஷன் போன வெச்சிகினு உக்காந்துகினு இருக்காரு. இப்பவும் விளையாட்டா?" என்று கத்தினேன்.

அவர் குனிந்து, அந்தப் பெட்டியை ஒயர்களோடு அப்படியே தூக்கி, நேராக நிமிர்த்தி இடது தோளில் சாய்த்துக்கொண்டார். பால் குடித்த குழந்தையைப் போட்டுத் தட்டுவோமே, அதே மாதிரி வலது கையால் முதுகில் தட்டினார். "ஏவ்... சொல்லு ராஜா... ஏவ்..." தட்டித் தடவி, தடவித் தட்டி, பக்கத்துக்குப் பக்கம் லேசாக ஆட்டினார். நாற்காலியில் இருந்தவர்கள் தாம்பூலம் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

உள்ளே 'களுக்' என்று ஒரு சத்தம். பின் சீரான ரீங்காரம். திரையில் சூடு இறங்கத் தொடங்கியது. எண்பது. எழுபது. அறுபத்திரண்டு. படம் ஓடியது, குவைத்தில் மணமகன் ஒரு வழியாகக் காலைக் கீழே வைத்திருப்பார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆறு வருஷத்தில் உள்ளே திரவம் கொஞ்சம் குறைந்து, அந்த இடத்தில் காற்று சேர்ந்திருக்கிறது. பெட்டி நேராக இருந்தவரை காற்று உச்சியில் ரேடியேட்டருக்குள் சும்மா கிடந்தது. தலைகீழாக்கியதும் பம்ப் மேலே வந்துவிட்டது. காற்று ஏறிப் பம்புக்குள் உட்கார்ந்துகொண்டது. பம்ப் காற்றைத் தள்ள முடியாமல் திணறியிருக்கிறது. வாழ்நாள் முழுக்க ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, அந்தப் பதிலுக்குரிய கேள்வி ஒரு வழியாக வந்து சேர்ந்திருந்தது.

"இறக்கி நேரா வைங்கண்ணே" என்றேன். வைத்தார். கொடகொட. காற்றின் ஒரு பங்கு இன்னும் பம்பை விடவில்லை போலும், சாய்த்துத் தட்டினால்தான் விலகியது. எண்பது, எண்பத்தைந்து. மறுபடி தோளில் போட்டார். இறங்கியது. மேடையில் பவித்ரா வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே இறக்க வேணாம் தம்பி. தூங்கற கொழந்தைய மாத்திப் படுக்க வெச்சா முழிச்சிக்கும்" என்றார்.

அப்படியே நின்றார். ஒயர்கள் எட்டும் தூரத்தில் அவர் நிற்க முடிந்த ஒரே நிலை, மேடைக்கும் மானிட்டருக்கும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்பது. தோளில் பெட்டி பச்சையும் சிவப்புமாக மினுக்கிக்கொண்டிருந்தது. ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம், "அதுக்கு ஜொரமா?" என்று கேட்டாள். சரோஜா அக்கா வந்தார், பார்த்தார், முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுப் போனார்.

தட்டிக்கொண்டே இருந்ததில் வாயு அண்ணனின் பட்டுவேட்டி நழுவ ஆரம்பித்தது.

"தம்பி, வேட்டி."

"விடுங்கண்ணே, நான் இருக்கேன்." பின்னால் போய் இடுப்பு முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

கெட்டிமேளம் கொட்டியது. கூட்டம் எழுந்து நின்று மேடையை மறைத்துவிட்டது. தாய்மாமன் நான், முன்வரிசையில் நிற்க வேண்டியவன். கழுத்தைத் திருப்பினால் மானிட்டர் மட்டும் தெரிந்தது. அதில்தான் தாலி கட்டுவதைப் பார்த்தேன். குவைத்தில் முனிரத்தினம் பார்த்த அதே படத்தை, கிட்டத்தட்ட அதே நேரத்தில், அதே ஆவலோடு. எல்லோரும் எறிந்த அட்சதையில் பாதி எங்கள் மேல் விழுந்தது. யாரோ ஒரு பெரியவர் போகிற போக்கில் பெட்டியையும் ஆசீர்வதித்தார்.

"கட்டிட்டாங்களா?" என்றார் வாயு அண்ணன், சுவரைப் பார்த்தபடி.

"கட்டியாச்சிண்ணே."

"பொண்ணு அழுதுச்சா?"

"கேமராவப் பாத்து சிரிச்சிச்சி. அப்புறம் அழுதுச்சி."

போன் அடித்தது. முடிச்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எடுத்தேன். "பாத்துட்டேன் பாவா" என்ற குரல். அவ்வளவுதான்.

"இன்னா சொல்றாரு?"

"பாத்துட்டாராம்ணே."

"ஆங்" என்றார் அவர். தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. மெட்டி போட்டு, மணமக்கள் எழுந்து, முனிரத்தினம் "போதும், சாப்பிடப் போங்க" என்று சொன்ன பிறகுதான் பெட்டியை இறக்கினார். இறக்கியதும் வலது கை தானாக மடங்கியது, அதற்கப்புறம் நீளவில்லை. பந்தியில் இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். நான் ஊட்டுகிறேன் என்றதற்கு என்னை முறைத்தார். கடைசியில் ஒரு டம்ளர் ரசம் மட்டும் குடித்துவிட்டு ஆட்டோ ஏறினார்.

மறுநாள் காலை மேல்தொட்டியை நிரப்பவில்லை. பால் காய்ச்சவில்லை. முதல் வேலையாக அவர் வீட்டுக்குப் போய், கையைத் தூக்க முடியாமல் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தவருக்குச் சட்டையை மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன்.