என் மாமியாரும் ஒரு பிளாஸ்டிக் கதவும்

எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் ஒரு காலத்தில் சரியாக இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அது மூலக்குளத்தில் நாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டின் பின்கதவுக்குக் கீழே இருந்தது. அந்த இடைவெளி அடைபடும்வரை ஸ்டெல்லாவும் ஆறு மாதக் குழந்தையும் டவுனில் மாமியார் வீட்டில் இருப்பார்கள் என்று தீர்ப்பாகிவிட்டது. நான் மட்டும் மூலக்குளத்தில் கடைப் பரோட்டா தின்றுகொண்டு காவல் இருந்தேன்.

கதவைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்குப் பிளாஸ்டிக் கதவு போடுவது அப்போது புது நாகரிகம். நானோ சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். "தேக்கு போடுங்க" என்று சொன்ன எல்லாருக்கும், "பிளாஸ்டிக்கப் பத்தி எனக்கா தெரியாது?" என்று ஒரே பதில் வைத்திருந்தேன். (சூப்பர்வைசர் என்றால், வாளி மூடிகளை எண்ணிப் பெட்டியில் போடுவதை மேற்பார்வை பார்ப்பவர்.)

ஆள் வந்து கதவை மாட்டிவிட்டுப் போனார். மேலே ஒரு விரல் சந்து, கீல் பக்கம் அரை விரல், கீழே இரண்டு விரல். ஐப்பசி மழைக்காற்று அதன் வழியாக விசிலடித்துக்கொண்டு வந்தது. மாமியார் முதல்முறை வந்து உட்கார்ந்தபோது, கதவுக்கு அடியில் ஒரு தவளை நிதானமாக நுழைந்து அவர் காலருகே அமர்ந்தது. தவளையை அவர் மன்னித்துவிட்டார். காற்றை மன்னிக்கவில்லை.

என் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அவரோடு பிரான்சில் பதினைந்து வருடம் குடித்தனம் நடத்திய மாமியார், அங்கிருந்து ஒரு இஸ்திரிப் பெட்டியையும் ஒரு பயத்தையும் கொண்டுவந்திருந்தார். அந்தப் பயத்தின் பெயர் குராந்தேர். கதவு, ஜன்னல் இடுக்கு வழியாக வந்து ஆளைத் தாக்கும் காற்றுக்கு பிரெஞ்சில் அப்படிப் பெயராம். அந்தக் குடும்பத்தில் சளி, கழுத்துப் பிடிப்பு, ஸ்டெல்லா கணக்கில் ஃபெயிலானது எல்லாவற்றுக்கும் குராந்தேர்தான் காரணம்.

"என்னா மாப்ள இது, கதவா விசிறியா? பச்சப் புள்ளைய இங்க படுக்க வெச்சா என்னாவும்?" என்றார்.

"நானே சரி பண்ணிடுறேன் அத்தை."

"பண்ணுங்க. வீடு மந்திரிக்க சர்ச்சு சாமியார் வர்றாருல்ல? மெழுகுவர்த்தி ஏத்துவாரு. அது ஆடாம எரிஞ்சா அன்னைக்கே பொண்ணும் பேத்தியும் இங்க. ஆடுச்சின்னா, மழ முடிஞ்சி பாத்துக்கலாம்."

மழை முடிய இரண்டு மாதம் இருந்தது. குழந்தை அப்போதுதான் என்னைப் பார்த்தால் சிரிக்கக் கற்றிருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போய்ப் பார்த்தால் மறந்துவிடுமோ என்று பயந்து, அன்றைக்கே கதவு வேலையில் இறங்கினேன்.

சைக்கிள் கடையிலிருந்து பழைய டியூப்களை வாங்கிவந்து நீள நீளமாக வெட்டினேன். பஞ்சர் சொல்யூஷன் தடவிக் கதவின் நான்கு ஓரத்திலும் ஒட்டினேன். ஒரு சுற்று போதும் என்று அறிவு சொன்னது, ஆசை இரண்டாவது சுற்றும் ஒட்டியது. லூசாகிப்போன கீல் ஓட்டைகளில் தீக்குச்சியும் கோந்தும் திணித்து ஸ்குரூவை முறுக்கினேன். ரப்பர் மிதியடி ஒன்றை வெட்டிக் கீழே அடித்தேன். மந்திரிப்புக்கு முந்தின நாள், மழை சொட்டும் மாலையில் கதவைச் சாத்திவிட்டு ஓரமெல்லாம் ஊதுவத்தி காட்டினேன். புகை நேராக மேலே போனது. கதவு கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. கம்பெனியில் நாங்கள் பாஸ் போடும் வாளி மூடிகளும் அப்படித்தானே என்று எனக்கு நானே பாஸ் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. ஒரு வாரமாக முகம் காட்டாத வெயில் அன்று சுள்ளென்று அடித்தது. வீட்டின் பின்பக்கம் கிழக்கு பார்த்தது. பின்கதவு வெளிப்பக்கம் திறக்கும். பாத்திரம் கழுவப் போய்வர வசதியாக அதைக் காலையிலேயே விரியத் திறந்து சுவரோடு சாய்த்துவைத்தோம். அது அங்கே நின்று பதினோரு மணிவரை வெயில் குடித்தது.

பூசை முடிந்து சாமியார் வந்தார். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். பதினான்கு பேர் செபம் சொல்லிக்கொண்டு பின்னாலேயே நடந்தோம். கடைசியில் ஹாலில் மாதா படத்துக்கு முன் மெழுகுவர்த்தி. நான் முன்னெச்சரிக்கையாக முன்கதவை உள்தாழ்ப்பாள் போட்டிருந்தேன். திரி பற்றியதும் பின்வாசல் காற்றில் சுடர் வளைந்தது. மாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடவுள் எனக்குக் கொடுத்த அவகாசம் அவ்வளவுதான். அவர் பார்ப்பதற்குள் பின்கதவைச் சாத்தியாக வேண்டும், அதுவோ வெளியிலிருந்து தள்ளினால்தான் இறுகும்.

"சாமி, தண்ணி மோட்டாருக்கும் ஒரு தீர்த்தம்! மோட்டார்தான் பாக்கி!" என்று கூவி, மொத்தக் கூட்டத்தையும் பின்பக்கம் ஓட்டினேன். கடைசி செபம் முடிந்தால் சாப்பாடு என்பதால் ஒருவர்கூட உள்ளே தங்கவில்லை. கடைசியாக வந்த நான் கதவைச் சாத்தினேன். போகவில்லை. தோளால் முட்டினேன். இடுப்பால் இடித்தேன். டப்பென்று உட்கார்ந்தது.

மோட்டாருக்கு மந்திரிப்பு முடிந்தது. நான் முன்னால் போய்க் கைப்பிடியை இழுத்தேன். கதவு வரவில்லை. கைப்பிடி வந்தது. அதோடு நானும் வந்து சாமியார் மேல் சாய்ந்தேன்.

மூன்று பக்கம் ஆளுயர மதில். ஏறிக் குதித்து முன்பக்கம் போனாலும் முன்கதவு உள்தாழ்ப்பாள். அந்தக் காலத்தில் எங்கள் எல்லாருக்குமாக இருந்த ஒரே செல்போன் உள்ளே சார்ஜில். அடுப்பில் கறிக்குழம்பு. சமையலறை ஜன்னல் கண்ணாடி வழியாக அந்தக் குழம்பிலிருந்து புகை கிளம்புவது தெளிவாகத் தெரிந்தது. வாசனை மட்டும் துளிகூட வரவில்லை. அவ்வளவு நன்றாக அடைத்திருந்தேன்.

மாமியார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். புகைக்கு அப்பால் ஹாலில் மெழுகுவர்த்தி தெரிந்தது. சுடர் ஆணி அடித்த மாதிரி நின்றது.

"மாப்ள," என்றார் மெதுவாக. "குராந்தேர் சுத்தமா இல்ல."

வெயிலில் வேர்த்து, கையில் கைப்பிடியோடு நின்றவனுக்கு இருக்கக் கூடாத அளவு சந்தோஷம் எனக்கு வந்தது.

"முதல்ல உள்ள போற வழிய சொல்லுங்க," என்றாள் ஸ்டெல்லா, குழந்தையின் தலைக்கு முந்தானையைப் பிடித்தபடி.

"பிளாஸ்டிக்ல ஒரு டென்ஷன் இருக்கும்மா. அது தானா ரிலீஸ் ஆவும்," என்றேன் சூப்பர்வைசர் குரலில்.

சாமியார் செம்பில் மிச்சமிருந்த தீர்த்தத்தைக் கதவின் மேல் தெளித்தார். "ஆசீர்வாதம் எறங்குதான்னு பாப்போம்," என்றார். மூன்று துளிக்கு ஒன்றும் இறங்கவில்லை. ஆனால் ஸ்டெல்லா கதவைத் தொட்டுப் பார்த்துச் சட்டென்று கையை எடுத்தாள்.

"கொதிக்குது! வெயில்ல வெச்ச ஊறுகா டப்பா மூடி மாரி உப்பிக்கிச்சிங்க. தண்ணி ஊத்துனா எளகும். இதுகூடவா கம்பெனியில சொல்லித்தரல?"

சொல்லித்தந்திருந்தார்கள். முதல் நாளே, முதல் பாடமாக.

தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினோம். எட்டாவது வாளியில் கதவு முனகியது. கழுவக் கிடந்த தோசைத் திருப்பியைச் சந்தில் விட்டுச் சாமியார் நெம்ப, நான் நகத்தால் பிடித்து இழுக்க, பளக்கென்று திறந்தது. அன்றைய விருந்தில் சோறு, ரசம், அப்பளம், பிறகு குழம்பில் கருகாத மேல்பாதி. சாமியார் இரண்டு முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எல்லாரும் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்கள்.

நான் மட்டும் மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய்க் கதவின் நான்கு ஓரத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"காத்து வரல, ஒத்துக்குறேன். ஆனா ஆளும் வர முடியலியே. பொண்ணையும் புள்ளையையும் உள்ள வெச்சி இந்தக் கதவு மூடிக்கிச்சின்னா? தனியா எப்பிடி வுடுறது?"

என் முகம் தொங்கிப்போனது. பரோட்டா கண்முன் வந்தது.

"அதனால நானும் இங்கயே இருக்கேன்," என்றார். சாயந்திரமே அவருடைய இரண்டு பெட்டிகளும், பிரான்சு இஸ்திரிப் பெட்டியும் ஆட்டோவில் வந்து இறங்கின.

மழை முடியும்வரை என்று வந்தவர். அதற்குப் பிறகு எத்தனையோ மழை முடிந்துவிட்டது. கதவை மாற்றலாம் என்று நான் பேச்செடுக்கும்போதெல்லாம், "நல்ல கதவு, இருக்கட்டும்," என்று அவரே தடுத்துவிடுகிறார். எனக்கும் உள்ளூர அது பிடித்துத்தான் இருக்கிறது. அவரும் அந்தக் கதவும் இல்லாமல் இந்த வீட்டை இப்போது நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வெயில் நாளில் பத்து மணியானால் அதற்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும். அது என் வேலை. அன்று முந்தானைக்குள் இருந்த குழந்தை இப்போது காலேஜ் போகிறாள். தினமும் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறாள்:

"அப்பா! கதவுக்குத் தண்ணி காட்டிட்டீங்களா?"