வாச்மேன் அங்கிளுக்கு ஒரு ஸ்டார்

அன்புள்ள தங்கச்சி தமயந்திக்கு, பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து உன் அண்ணன் சிவசங்கரன் சொல்லச் சொல்ல, எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா அன்னம்மாள் எழுதுவது.

என்னம்மா, நல்லா இருக்கியா? மாப்பிள்ளை லோடு ஆட்டோ ஓட்டப் போகிறாரா, இல்லை இன்னும் முதுகுவலி என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாரா? குழந்தை சங்கமித்ராவுக்கு முன்பல் விழுந்ததே, முளைத்துவிட்டதா? நான் இங்கே நலம். நலம் என்று நான் சொன்னதும் அன்னம்மாள் என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். நான் எப்படிச் சொன்னாலும் புத்தகத்தில் இருக்கிற மாதிரிதான் எழுதுவேன் என்கிறாள், எட்டாவது வரை படித்த திமிர். ஆகவே இதில் உன் அண்ணன் ரொம்ப நாகரிகமாகப் பேசுவது போலத் தெரிந்தால் அது அவள் கைவேலை. போனில் சொல்லலாம்தான். போனில் நீ நடுவில் பேசுவாய்.

விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்காரர் வீட்டுக் குழந்தைக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சீட் இலவசமாகத் தருவார்கள், அதைச் சங்கமித்ராவுக்கு வாங்கிக் கொடு, அங்கே இங்கிலீஷோடு மரியாதையும் சொல்லிக் கொடுக்கிறார்களாமே என்று கேட்டாய். நானும் ஆபீசில் கேட்டு வைத்தேன். இப்போது சொல்கிறேன், வேண்டாம் தாயி. சொல்லிக் கொடுக்கிறார்கள், அது நிஜம். வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தப் பாடத்தில் நான் என்ன பாடுபட்டேன் என்று கேள்.

ஸ்ரீவித்யா மிஸ் என்று புதிதாக ஒரு டீச்சரம்மா வந்தார்கள். நல்ல பிள்ளை, சாப்பிட்டீங்களா என்று கேட்கிற ஜாதி. பதிலுக்கு நிற்க மாட்டார்கள், ஆனால் கேட்பார்கள். நமக்கு உதவி செய்கிறவர்களை மதிக்க வேண்டும், தினமும் காலையில் கேட்டில் வாச்மேன் அங்கிளுக்கு வணக்கம் சொல்கிற குழந்தைக்கு ஒரு ஸ்டார் என்று ஒரு திட்டம் போட்டார்கள். தங்கக் கலரில் ஒட்டுகிற ஸ்டார், அதை என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் பள்ளிக்கூடமே என் முன்னால் வரிசை கட்டி நிற்கிறது. "குட் மார்னிங் அங்கிள், தேங்க்யூ அங்கிள்." ஒவ்வொன்றின் கையிலும் நான் ஸ்டார் ஒட்ட வேண்டும். என் விரலைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, சின்ன வயசில் கரும்பு மெஷினில் கொடுத்தது, ஸ்டார் என் விரலில்தான் ஒட்டுகிறது. அதற்குள் பின்னால் கார்கள் ரோடு முனை வரை நின்றுவிட்டன. முன்னால் நின்ற வெள்ளைக் கார் சேஷகிரி சாருடையது, பெற்றோர் சங்கத் தலைவர். கண்ணாடியை இறக்கி, "ஏ வாச்மேன், கேட் தெகி, பேக தெகி, ஏன் பொம்மை மாதிரி நிக்கறே?" என்கிறார். பேக தெகி என்றால் கன்னடத்தில் சீக்கிரம் திற என்று அர்த்தம். பக்கத்து சீட்டில் அவர் மகன் ஷ்ரேயாஸ் அதே நேரத்தில் தலையை நீட்டி, "தேங்க்யூ அங்கிள்" என்கிறான். ஒரே ஜன்னல் தமயந்தி, இரண்டு தலை.

அந்த ஷ்ரேயாஸ் கெட்டிக்காரன். ஒரு ஸ்டார் வாங்கினான், உள்ளே போய்ச் சுற்றி வந்து இன்னொரு குட் மார்னிங் சொன்னான். மறுபடியும் வந்தபோது, போதும் தம்பி என்றேன். "கொடுக்கலைன்னா எங்க டாடிகிட்ட சொல்லி உங்கள வேலைய விட்டுத் தூக்கச் சொல்லுவேன் அங்கிள்" என்றான். கடைசி வரை அங்கிளை விடவில்லை. கொடுத்துவிட்டேன்.

அப்புறம் வாழ்த்து அட்டை செய்தார்கள். எனக்கு ஒன்று வந்தது, பூ வரைந்து, உள்ளே ஏதோ எழுதி. என்ன எழுதியிருக்கிறது என்று அன்னம்மாளைக் கேட்டேன். எங்களைக் காப்பாற்றுவதற்கு நன்றி என்று இருக்கிறதாம். ஒரு நாள் முழுக்க அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சாயங்காலம் பார்த்தால் கேட்டுக்கு வெளியே படுத்திருக்குமே பிரவுனி என்கிற நாய், அதன் கழுத்திலும் அதே அட்டை, அதே பூ. அது பாதியைத் தின்றுவிட்டது. அதற்கு இருக்கிற தெளிவு எனக்கு இல்லை. அன்னம்மாளுக்கு அட்டை வரவில்லை, கக்கூஸ் கழுவுகிறவளை அங்கிள் என்றும் கூப்பிட முடியாதே என்று விட்டுவிட்டார்கள் போல. இதை எழுத மாட்டேன் என்றாள். நான் சொன்னதால் எழுதுகிறாள்.

இப்போது முக்கியமான இடம். வருஷக் கடைசியில் அம்மா அப்பாவையெல்லாம் கூப்பிட்டு ஒரு விழா வைத்தார்கள். அதில் ரெண்டாங்கிளாஸ் பசங்கள் நாடகம். கார் வரும், வாச்மேன் கேட்டைத் திறப்பார், அப்பா நன்றி சொல்வார், வாச்மேன் சிரிப்பார், அவ்வளவுதான் கதை. அப்பாவாக ஷ்ரேயாஸ். வாச்மேனாக அன்னா என்று ஒரு பாப்பா. இதே தெருப் பிள்ளை, நம்ம தமிழ்தான், சர்ச்சுக்குப் பக்கத்து வீடு. கூட்டிப்போக ஆள் தாமதமாக வருவதால் தினமும் சாயங்காலம் என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும். என் தொப்பியையும் தடியையும் வாங்கிப் போட்டுக்கொண்டு மேடையேறியது. தொப்பி மூக்கு வரை இறங்கிவிட்டது. அந்தத் தொப்பி எனக்கே பெரிசு, எனக்கு முன்னால் இருந்தவருக்குத் தைத்தது, அவர் ஏன் போனார் என்பது தனிக் கதை, அதை விடு. என்னையும் மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்த முதல் நாற்காலி.

மேடையில் வெளிச்சம் பட்டதும் பசங்களுக்கு டீச்சரம்மா சொல்லிக் கொடுத்தது மறந்துபோயிற்று. மறந்தால் குழந்தை என்ன செய்யும், கண்ணால் பார்த்ததைச் செய்யும். ஷ்ரேயாஸ் வாயாலேயே ஹாரன் அடித்தான். "ஏ வாச்மேன், கேட் தெகி, பேக தெகி, கண்ணு தெரியலையா?" என்று அவன் அப்பா குரலிலேயே கேட்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. சேஷகிரி சார்தான் முதலில் கை தட்டினார். அன்னா சும்மா இருந்திருக்கலாம். நான் செய்வது போலவே விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தது, கேட்டைத் திறந்தது, கார் போனதும் நான் செய்வது போலவே தலையைத் திருப்பி, நான் சொல்கிற ஒரு வார்த்தையைச் சொன்னது. மைக்கில் சொன்னது.

எந்த வார்த்தை என்று கேட்காதே. அன்னம்மாள் எழுத மாட்டாள். நம் அப்பா எருமை தோட்டத்தில் புகுந்தால் சொல்வாரே, அது. கன்னடக்காரர்களும் வடநாட்டுக்காரர்களும் ஏதோ தமிழ் வாழ்த்து என்று நினைத்து மறுபடி கை தட்டினார்கள். புரிந்தவர்கள் தட்டவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அலர்மேல்மங்கை மேடத்துக்குப் புரிந்தது.

மறுநாள் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். சேஷகிரி சார் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீவித்யா மிஸ் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சிவா, குழந்தைகள் காதுல விழற மாதிரி இப்படிப் பேசலாமா? இது என்ன மார்க்கெட்டா?" என்றார் மேடம். என்னைவிட எட்டு பத்து வயது சின்னவர்.

"தப்புதாங்க. ஆனா அந்தத் தம்பி பேசினது..."

"அது ஆக்டிங் பா," என்றார் சேஷகிரி சார்.

"அசெம்பிளியில எல்லார் முன்னாடியும் ஒரு சாரி சொல்லிடுங்கோ. சீட் விஷயம் இன்னும் முடிவாகலை, தெரியுமோல்லியோ?" என்றார் மேடம்.

உன் மகளுக்காகச் சொன்னேன் தமயந்தி. மைக் முன்னால் நின்று தொப்பியைக் கழற்றி, சாரி பசங்களா என்றேன். யாராவது மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் அவர்களுக்குப் பாடம் உண்டு. எல்லாம் சேர்ந்து, "இட்ஸ் ஓகே அங்கிள், வி ரெஸ்பெக்ட் யூ" என்று ராகமாகச் சொன்னார்கள். பிறகு ஷ்ரேயாஸ் மேடையேறி வந்து என் சட்டையில் ஒரு ஸ்டார் ஒட்டினான்.

சாயங்காலம் அன்னா ஸ்டூலில் வந்து உட்கார்ந்தது. "அங்கிள், சொன்னது நான்தானே? நீங்க ஏன் சாரி சொன்னீங்க?" என்றது. மழை வருது, உள்ள போய் உட்காரு பாப்பா என்றேன். மழையெல்லாம் வரவில்லை.

ஆகவே வேண்டாம். ஒரு சொல்லுக்கு இரண்டு விலை வைத்திருக்கிற இடம் இது. அங்கேயே பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் போடு. மரியாதை தெரியாமல் வளர்ந்தாலும் பரவாயில்லை, யாரைப் பார்த்தாலும் ஒரே முகத்தோடு வளரட்டும். சீட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று நாளைக்கே மேடத்திடம் சொல்லிவிடுவேன். மாப்பிள்ளையின் முதுகுக்கு நல்லெண்ணெய் தேய். குழந்தையின் புதுப் பல்லுக்கு என் ஆசீர்வாதம். நீங்கள் மூன்று பேரும் யாருக்கும் சாரி சொல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் சிவசங்கரன் (கைநாட்டு)

பின்குறிப்பு: கவர ஒட்டறதுக்குள்ள மேடம் கூப்பிட்டாங்க. அன்னம்மா, இத நான் பேசற மாதிரியே எழுது, மெருகு போடாத. தமயந்தி, சீட் வந்துடுச்சும்மா. ஃபீஸ் இல்ல, யூனிபார்ம் இல்ல, புஸ்தகமும் அவங்களே தராங்க. மேல எழுதினது எதையும் மனசுல வெச்சுக்காத, கிழிச்சு அடுப்புல போடு. திங்கக்கிழம பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துடு, ஒக்கலிபுரத்துல என் ரூம்லயே தங்கிக்கலாம். மேடம் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. மத்த பிள்ளைங்க முன்னாடி அவளுக்குத் தாழ்வா தோணக் கூடாதாம், அவ நல்லதுக்குத்தானாம், வாச்மேனுக்குச் சொந்தம்னு யாருக்கும் தெரியக் கூடாதாம். நியாயந்தானே? நான் தலைய ஆட்டிட்டேன். அதனால இப்பவே அவளப் பழக்கு. கேட்டுல வந்தா எல்லாப் பிள்ளையும் சொல்ற மாதிரி குட் மார்னிங் அங்கிள்னு சொல்லணும், நானும் அவளுக்கு ஒரு ஸ்டார் ஒட்டி அனுப்பிடுவேன். ரூமுக்கு வந்தப்புறம் என்ன வேணா கூப்பிடட்டும், மேல ஏறி உக்காரட்டும். கேட்டுல மட்டும் வாய் தவறிக்கூட மாமான்னு... இரு அன்னம்மா, ஹாரன் அடிக்கறான், வெள்ளக் காரு. வரேன் சார், வந்துட்டேன். அத மட்டும் நல்லா எழுதிடு, கேட்டுல மட்டும் அவ என்ன