ஏழு சென்டிமீட்டரில் வரலாறு காணாத மழை

உலக வெப்பநிலையைக் கட்டுக்குள் கொண்டுவரும் பொறுப்பை வல்லரசுகளே தட்டிக்கழித்துக்கொண்டிருந்தபோது, திண்டுக்கல் அதைத் துணிந்து தலையில் போட்டுக்கொண்டது. பழனி ரோட்டில் ஒரு தனியார் கல்லூரியின் குளிரூட்டப்பட்ட கூட்ட அறையில், தட்டில் இருந்த முறுக்கு தீர்வதற்குள், 'காலநிலை விழிப்புணர்வுக் குழு' உதயமாயிற்று. தலைவர், கல்லூரித் தாளாளர் தண்டாயுதபாணி. செயலாளர், துணை முதல்வர் ஸ்டீபன்ராஜ். உறுப்பினர், புவியியல் துறை சத்யபிரியா. மற்றவர்கள் கைதட்டுவதற்கு.

முதல் தீர்மானம்: மாபெரும் பட்டிமன்றம் நடத்துவது. இரண்டாவது: எல்லாத் தரப்புக் கருத்துக்கும் இடமளிப்பது. மூன்றாவது: தீர்ப்பு ஏற்கெனவே அழைப்பிதழில் அச்சாகிவிட்டதால், கருத்துகள் அதற்குப் பொருத்தமாக அமைவது.

தலைப்பில்தான் குழுவின் பெருந்தன்மை வெளிப்பட்டது. 'ஊருக்குள் வெள்ளம் வரக் காரணம் காலநிலை மாற்றமே' என்று ஓர் அணி பேசும். 'காலநிலை மாற்றமே தவிர வேறில்லை' என்று எதிரணி அதை ஆணித்தரமாக மறுக்கும். எதிரணித் தலைவி சத்யபிரியா.

அவளுக்கு இதில் ஒரு சின்ன உறுத்தல். காலநிலை மாற்றத்தை அவள் நம்பாதவள் இல்லை; நம்புவதென்ன, அளக்கிறவள். கல்லூரி மொட்டைமாடியில் வெப்பமானியும் மழைமானியும் வைத்து, ஏழு வருடமாகத் தினமும் காலை எட்டரைக்கு நோட்டில் குறித்து வருகிறாள். வெயில் கூடுவது அந்த நோட்டில் இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் ஒரே நாளில் பதினான்கு சென்டிமீட்டர் கொட்டியபோது, கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் காலனியில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை. போன நவம்பரில் பெய்தது ஏழுதான். இடுப்பளவுக்கு நின்றது. இரண்டு மழைக்கும் நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று: காலனிப் பக்கத்து ஓடையை மண்ணடித்து மூடி, அதன்மேல் 'பசுமைத் தளிர் நகர்' என்று பிளாட் போட்டிருந்தார்கள். உரிமையாளர், தண்டாயுதபாணி.

கல்லூரியைக் கூட்டிப் பெருக்கும் சிவனம்மாளின் வீடு அந்தக் காலனியில்தான். ஓடையைத் திறந்துவிடச் சொல்லி அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. போன இடத்திலெல்லாம், இது வரலாறு காணாத மழை, உலகமே சூடாகிவிட்டது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று பொறுமையாக விளக்கி அனுப்பினார்கள். மழைக் கணக்கு டீச்சரின் நோட்டில் இருப்பது தெரிந்ததும், அதை நாலு பேர் முன்னால் ஒரே ஒரு தடவை வாசித்தால் போதும், அடுத்த மழைக்குள் ஏதாவது நடக்கும் என்றாள். வாசிக்கிறேன் என்று சத்யபிரியா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

யோசித்துக் கொடுத்திருக்கலாம். அவளுடைய வேலை ஏழு வருடமாகத் தற்காலிகம். ஒவ்வொரு மே மாதமும் போய், ஜூனில் திரும்பி வரும். இந்த வருடம் நிரந்தர ஆணை தயார் என்றும், பட்டிமன்ற மேடையிலேயே தாளாளர் கையால் கிடைக்கும் என்றும் ஸ்டீபன்ராஜ் காதோடு சொல்லியிருந்தார்.

பேச்சாளர்கள் உரையை முன்கூட்டியே 'கருத்து ஒருங்கிணைப்பு'க்குத் தர வேண்டும். அவளுடைய உரை சிவப்பு மையில் குளித்துவிட்டு வந்தது.

"மேடம், உங்களுக்குக் காலநிலை மாற்றத்துல நம்பிக்கை இல்லையா?" என்று வருத்தத்தோடு கேட்டார் ஸ்டீபன்ராஜ்.

"இருக்கு சார். ஆனா காலனிக்குள்ள தண்ணி வந்தது ஓடைய மூடுனதால."

"பாத்தீங்களா, மறுக்கிறீங்க."

"நான் எங்க சார் மறுத்தேன்?"

"'ஆனா'ன்னீங்கள்ல? உலகத்துல அம்புட்டு விஞ்ஞானியும் ஒத்துக்கிட்டாக. நீங்க ஒத்தை ஓடைய இழுத்துட்டு வந்தா அவுக மனசு என்ன பாடுபடும்?"

விஞ்ஞானிகள் மனம் புண்படாதிருக்க, 'ஓடை' வந்த ஒன்பது இடத்திலும் அவர் 'சுற்றுச்சூழல்' என்று போட்டிருந்தார். 'மூடினார்கள்' என்பதை 'மாறிவிட்டது' ஆக்கியிருந்தார். மழைக் கணக்கை அடியோடு எடுத்துவிட்டார். எண்கள் மாணவர்களைச் சோர்வடையச் செய்யுமாம்.

பட்டிமன்ற நாள். முதல் அணித் தலைவர் பனிக்கரடிக்காகக் கண்ணீர் விட்டார். பனிக்கரடி காலனியில் குடியிருக்கவில்லை என்பதால் தைரியமாக அழ முடிந்தது. அடுத்து சத்யபிரியா எழுந்தாள். திருத்திய உரையை மடித்து வைத்துவிட்டு நோட்டைப் பிரித்தாள். கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரம் சிவனம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரே நாள்ல பதினாலு சென்டிமீட்டர் மழை. காலனியில ஒரு வீட்டுக்குள்ளயும் தண்ணி வரல. போன நவம்பர்ல..."

கருத்துரிமை இல்லாத ஊர்களில் இந்த இடத்தில் மைக்கை அணைத்திருப்பார்கள். திண்டுக்கல்லின் பண்பாடு வேறு. தாளாளரே எழுந்து வந்து, புன்னகை மாறாமல், ஜரிகை மினுங்கும் பொன்னாடையை அவள் தோளில் போர்த்தினார். பொன்னாடை போர்த்தும்போது பேசுவது மரியாதை இல்லை. கும்பிட்டு நின்று, போட்டோவுக்கு முகம் காட்ட வேண்டும். காட்டினாள். கைதட்டல் அடங்கியது.

"ஏழு சென்டிமீட்டர்," என்றாள்.

துணை முதல்வர் இரண்டாவது பொன்னாடையோடு வந்தார். மறுபடி கும்பிடு, போட்டோ, கைதட்டல்.

"இடுப்பளவு தண்ணி நின்னுச்சு. ஏன்னா..."

நடுவர் மூன்றாவதைப் போர்த்தினார். சொல்ல மிச்சமிருந்தது ஒரே ஒரு வரி. அதற்குள் நினைவுப் பரிசு ஒன்றும், அதன்மேல் நீளமான கவர் ஒன்றும் வந்து சேர்ந்தன. வாங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. நோட்டை ஸ்டீபன்ராஜ் அக்கறையோடு வாங்கி, தாளாளரின் நாற்காலிக்கு அடியில் பத்திரப்படுத்தினார்.

கவர் ஒட்டப்படவில்லை. 'நிரந்தரம்' என்ற சொல் வெளியே எட்டிப் பார்த்தது. மைக் அப்படியே அவள் எதிரில் இருந்தது, யாரும் அணைக்கவில்லை. யாரும் மிரட்டவில்லை. அரங்கமே அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தது. சுதந்திரத்துக்கு இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்?

"ஏன்னா, அது வரலாறு காணாத மழை," என்றாள் சத்யபிரியா.

அழைப்பிதழைப் பார்த்து நடுவர் தீர்ப்பை வாசித்தார். இரண்டு அணியும் அமோக வெற்றி.

அவள் படியிறங்கி வந்தபோது கீழே சிவனம்மாள் நின்றிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை.

"நல்லாத்தான் பேசுனீக டீச்சர். ஒரே ஒரு சந்தேகம். அன்னைக்கு அந்தப் பிளாட்டுப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல. எங்க வீட்டுக்கு மட்டும் விசாரிச்சு வந்துருச்சு. வரலாறு காணாத மழைன்னா ஆளு பாத்துத்தான் பெய்யுமோ?"

சத்யபிரியாவுக்கு மூன்று பொன்னாடைக்குள் உடம்பு தகித்தது. அதற்கும் காலநிலை மாற்றமே காரணம், வேறில்லை என்று தீர்மானித்தவளாய், தாளாளர் அனுப்பியிருந்த ஏசி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.