எலி பேசறேன்

'சரி' என்ற பொத்தானை அழுத்திய பிறகுதான், அதை அழுத்தியிருக்கக் கூடாது என்பது சரி சாருக்கு ஞாபகம் வந்தது.

டிவித் திரையில் ஒரு நீலப் பட்டை மெல்ல ஊர்ந்தது. அதற்கு மேலே, 'அப்டேட் ஏறுகிறது. பெட்டியை அணைக்காதீர்கள்' என்று எழுதியிருந்தது.

சரி சார் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆனால் யார் எதைக் கேட்டாலும் "சரி" என்று சொல்லிவிடுகிற வியாதி அவருக்கு உண்டு. வாசலுக்கு வந்த விற்பனையாளர்களின் மனம் நோகக் கூடாதென்று, அவர் வீட்டுச் சமையலறையில் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவிகள் வரிசையாக மாட்டியிருந்தன. "அவர்கிட்ட ஒரு குடையைக்கூட நம்பிக் குடுக்க முடியாது" என்பது மனைவி வீட்டார் ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம்.

அந்தக் குடும்பத்தில் அவரை முதன்முதலாக நம்பியவன் மச்சினன்தான். வீடியோ கேம் பெட்டிகளில் கம்பெனி போட்ட பூட்டை உடைத்து, தாங்களே எழுதியதை ஓட்டிப் பார்க்கும் ஹோம்ப்ரூ கூட்டத்தில் அவன் பெரிய புள்ளி. ஹோம்ப்ரூ என்றால் வீட்டிலேயே காய்ச்சுவது என்று யாரோ சொல்லக் கேட்ட அவனுடைய அக்கா, அன்றிலிருந்து தம்பி வந்தாலே வாயை மோந்து பார்ப்பாள்.

வெளியூர் போகுமுன் பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு அவன் சொன்னான்.

"மாமா, இதுக்குள்ள நான் எழுதினது ஒண்ணு இருக்கு. எங்க ஆளுங்க கூடறப்ப காட்டணும். நான் வர்ற வரைக்கும் இதை நெட்டுல சேக்காதீங்க. அப்டேட் கேட்டா 'பிறகு'ன்னு அழுத்துங்க. ஏறிச்சுன்னா உள்ள இருக்கிறது செத்துடும். உங்களைத்தான் நம்பறேன்."

"சரி" என்றார். வாழ்க்கையில் மனதாரச் சொன்ன சரி அது ஒன்றுதான். அன்றிரவு சந்தோஷத்தில் அவருக்குத் தூக்கமே வரவில்லை.

இன்று மத்தியானம் பெட்டியின் மேல் தூசி படிந்திருந்தது. துடைத்தார். துணி எங்கே பட்டதோ, பெட்டி விழித்துக்கொண்டது. திரையில், 'வைஃபையில் சேரட்டுமா?' என்று ஒரு கேள்வி வந்தது.

கேட்ட விதம் அவ்வளவு பணிவு. கை தானாக 'சரி' அழுத்தியது. கடவுச்சொல் கேட்டது. கொடுத்தார். அடுத்த நொடியே வேறு எழுத்தில், கொஞ்சம் அதட்டலாக, 'புதிய அப்டேட் இருக்கிறது. ஏற்றவா?' என்று வந்தது. அதற்கும் கை பழக்கத்தை விடவில்லை.

நீலப் பட்டை கால்வாசியைத் தாண்டியது. அப்போது போன் அடித்தது. அறியாத எண்.

"மாமா, நான் எலி பேசறேன்."

"எந்த எலி?"

"உங்க மச்சான் வெச்ச பேரு. அவன்கூடவேதான் இருந்தேன். அப்டேட்டை நிறுத்துங்க மாமா, உயிர் போகுது!"

குரல் மச்சினன் குரலைப் போலவே இருந்தது. குடத்துக்குள் தலையை விட்டுப் பேசினால் வருமே, அப்படி ஒரு முழக்கம் மட்டும் கூடுதல். கூட்டாளிகள் பேசிப் பேசி ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள்போல என்று நினைத்துக்கொண்டார். நல்லவேளை, ஆபத்பாந்தவனாக வந்தான்.

"வைஃபையைப் பிடுங்கிடவா?"

"ஐயையோ, அதை மட்டும் தொடாதீங்க! பெட்டி பட்டனை அழுத்திப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது."

பிடித்தார். பட்டை நின்றது. திரை கறுத்தது. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் கண் சிமிட்டியது.

"செத்துப் போச்சா?" பட்டனிலிருந்து விரலை எடுக்காமலே கேட்டார் சரி சார். "பாதியில நின்னா பெட்டி செங்கல் ஆயிடும்னு மச்சான் சொல்லுவானே. அப்புறம் சுவத்துல வெச்சுப் பூசத்தான் ஆகும்னு."

"இன்னும் சாகல மாமா. ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகுங்க."

பிடுங்கினார். பெட்டியின் விளக்கு அணையவில்லை. ஒயரின் முனை அவர் கையில் இருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டிவியிலிருந்து யாரோ மூச்சை உள்ளே இழுப்பது போல ஒரு சத்தம் வந்தது. சமையலறையில் இருந்த பழைய ரேடியோ தானாகக் கரகரத்து, நிலையம் நிலையமாகத் தாவியது.

"எலி... இங்க என்னென்னமோ நடக்குதுப்பா."

"கம்பெனிக்காரன் வேலை மாமா. அப்டேட்டோட உள்ள பூந்துட்டான். பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல." உடனே பேச்சு மாறியது. "மாமா, பின்னாடி கேக்குதே, அது மழையா?"

"ஆமா. ஏன்?"

"நனையும்னு சொல்றாங்களே. நிஜமாவா?"

சரி சாருக்கு மனசு இளகிவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டரே கதி என்று கிடந்து மழையைக்கூட மறந்துவிட்டார்களே! "நனையும்பா. ஒருநாள் வீட்டுக்கு வா, நனையலாம்" என்றார்.

"வரேன் மாமா" என்றது குரல்.

பென் டிரைவ் ஒன்றைப் பெட்டியில் சொருகச் சொன்னான் எலி. சொருகினார். அது வெகுநேரம் விம்மி விம்மி மின்னியது. எடுத்தபோது அப்போதுதான் இட்ட முட்டையைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

"இதை உங்க ஆபீஸ் மெஷின்ல போடணும் மாமா. பழைய பதிப்பைப் பெரிய மெஷின்லதான் சரி பண்ண முடியும்."

"ஆபீஸ் மெஷின்லயா? வேலை போயிடும்ப்பா."

"மச்சானுக்கு என்ன பதில் சொல்லுவீங்க? உங்களைத்தானே நம்பினான்?"

அந்த ஒரு சொல்லில் சரி சார் விழுந்துவிட்டார். "சரி" என்றார்.

பேருந்து நிலையத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அறிவிப்பு அறைக்குள் நுழைந்து, யாரும் பார்க்காதபோது பென் டிரைவை மெஷினில் சொருகினார். அந்த மெஷினில் அவர் குரல்தான் பல வருடங்களாகப் பதிவாகிக் கிடந்தது. ஊர்ப் பெயர், நேரம், தாமதத்துக்கு வருந்துகிறோம், எல்லாம்.

வெளியே ஒலிபெருக்கி கனைத்தது.

"சரி" என்றது.

அவருடைய குரல். அவர் வாயோ மூடியிருந்தது.

"சரி. சரி. தாமதத்துக்கு... மாமா. மழை... நனையும். சரி."

கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பேருந்து நேரம் காட்டும் பலகைகள் எல்லாவற்றிலும் எழுத்து மறைந்து, ஒரு வெள்ளைப் புள்ளி கண் சிமிட்டியது.

நேரக் காப்பாளர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், இன்னிக்கு ஒரே சரியா இருக்கு?"

"நான் பேசல சார்."

"பின்ன உங்க குரல்ல யாரு, பேயா பேசுது? போய்ப் படுங்க சார், உங்களைப் பார்த்தா ஜுரம் மாதிரி தெரியுது."

சட்டைப் பையில் போன் அடித்தது. இந்த முறை எலியின் குரல் குடத்துக்குள்ளிருந்து வரவில்லை. காதருகே நின்று பேசுவது போல அவ்வளவு தெளிவு.

"ஆச்சு மாமா. பெட்டி பழையபடி ஆயிடுச்சு. வீட்டுக்குப் போய்ப் பாருங்க. என்கிட்ட யாரும் இவ்வளவு மரியாதையா நடந்துக்கிட்டதில்ல. மறக்க மாட்டேன்."

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"என்னங்க, நீங்க சொன்ன மாதிரியே என் போனை நெட்டுல சேத்துட்டேன். பக்கத்து வீட்டு டீச்சர் போனையும் சேத்தாச்சு. வேற யார்கிட்டச் சொல்லணும்?"

"நான் எப்பச் சொன்னேன்?"

"இப்பத்தானே போன் பண்ணினீங்க? மழையில நனைஞ்சுக்கிட்டு இருக்கேன், நல்லா இருக்குன்னு ஒரே சிரிப்பு வேற. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல."

சரி சார் தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். குடை பிடித்து வந்ததால் காய்ந்த துணியாகத்தான் இருந்தது.

உள்ளே மச்சினன் தோளில் பையோடு டிவி முன்னால் குந்தியிருந்தான். சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டான். திரை பளிச்சென்று இருந்தது. பெட்டி செங்கல் ஆகவில்லை. சரி சாருக்குப் போன உயிர் திரும்பியது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு மாமா. அப்டேட்டும் ஏறல" என்றான் அவன். நெற்றி மட்டும் சுருங்கியிருந்தது. "ஆனா உள்ள ஒண்ணுமே இல்லையே."

மறைத்துப் பழக்கமில்லாதவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தவறு செய்தார்தான், ஆனால் போராடி மீட்டிருக்கிறாரே! 'பரவாயில்லையே மாமா' என்ற ஒரு வார்த்தைக்காக அவன் முகத்தையே பார்த்தார். "எல்லாம் உன் கூட்டாளி புண்ணியம். தங்கமான பிள்ளை. அவன் மட்டும் வழி சொல்லலேன்னா நான் அப்டேட்டை நிறுத்தியே இருக்க மாட்டேன்."

"எந்தக் கூட்டாளி?"

"அதான்ப்பா, எலி."

மச்சினன் கையிலிருந்த ரிமோட் நழுவித் தரையில் விழுந்தது. தூரத்தில், பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில், சரி சாரின் குரல் வாய்விட்டுச் சிரித்தது. அதற்குப் பதில் சொல்வது போல அக்காவின் போன் சிரித்தது. பக்கத்து வீட்டிலும் ஏதோ சிரித்தது.

"மாமா," என்றான் அவன், அவரைப் பார்க்காமல், "நான் உங்களை நம்பிக் குடுத்துட்டுப் போனது விளையாட்டுப் பெட்டி இல்ல. எலிப்பொறி."