நொமா அண்ணனின் மொழிக் குடும்பம்

சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிகள் நாட்டில் ஏராளம். சண்டை போட்ட வேகத்தில் ஒரு மொழிக் குடும்பத்தையே பெற்றெடுத்தவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். கொடைக்கானலில் எங்கள் தோட்டக்கலை ஆபீஸ் ஜீப்பை ஓட்டிய நொமா அண்ணன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. ‘நொமா’ என்றால் அவர் மொழியில் தண்ணீர். யாரைப் பார்த்தாலும் அதைத்தான் கேட்பார், அதுவே பெயராகிவிட்டது.

கவுஞ்சி என்ற மலைக்கிராமத்துக்காரர். அங்கே சரிவில் படிப்படியாக இறங்கும் பூண்டுக் காட்டில் மேல் படிகள் அவருக்கு, கீழ்ப் படிகள் தம்பிக்கு. மலையோரமாக வந்து சாலையைக் கடந்து காட்டுக்குள் இறங்கும் வாய்க்கால் யாருக்கு என்று தகராறு. கோயிலில் சூடத்தை அணைத்து, “இனிமே இவென்கூட ஒரு வார்த்தை தமிழ்ல பேசுனா நான் மனுசனே இல்ல” என்று சத்தியம் செய்துவிட்டார். பேசவே மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தாராம். கோபத்தில் ‘தமிழ்ல’ நடுவில் புகுந்துவிட்டது. தம்பி மட்டும் விடுவாரா? அதே சத்தியத்தை எழுத்துப் பிசகாமல் அவரும் செய்தார். இருவருக்கும் தமிழைத் தவிர ஒரு மொழியும் தெரியாது.

அப்புறம் ஒருநாள் வெள்ளனே தம்பி காட்டில் வரப்பு உடைந்து தண்ணீர் பூண்டை அரித்துக்கொண்டு போனது. மேலே நின்ற அண்ணன் பார்த்துவிட்டார். தமிழில் சொல்ல முடியாது, சொல்லாமலும் இருக்க முடியாது. குதித்தார். வாயில் வந்தது, “நொம்! நொம்!” தம்பிக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அண்ணன் வார்த்தையை அப்படியே வாங்கிக்கொள்ள மானம் இடம் கொடுக்குமா? “நுமி!” என்று பதிலுக்குக் கத்திவிட்டு மண்வெட்டியைத் தூக்கினார்.

கிளை பிரிந்துவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் குடும்பம் நன்றாகத் தழைத்திருந்தது. கொண்டை ஊசி வளைவில்தான் எனக்கு இலக்கணம் நடத்துவார்.

“மூலமொழிக்குப் பேரு நொம்மம், மேடம். மேக்காட்டுக் கிளை என்னுது, கீழ்க்காட்டுக் கிளை அவென்னுது. வேரு ஒண்ணுதான். எனக்குக் கடைசியில ஆ வரும், அவெனுக்கு இ வரும். அதோட நடுவுல இருக்கிற எ அவென் வாயில இ ஆயிரும், ஒ வந்து உ ஆயிரும். பனிக்கு வேரு தெம். எனக்கு தெமா. அவெனுக்கு திமி.”

“ரோட்டைப் பாத்து ஓட்டுங்கண்ணே.”

“ரோட்டுக்கும் வார்த்தை இருக்குங்க.”

அவர் மனைவி மட்டும் இந்த ஆராய்ச்சியில் சேரவில்லை. “சோறு வேணும்னா தமிழ்ல கேளு” என்று சொல்லிவிட்டாராம்.

அந்த மழைக்காலத்தில் கவுஞ்சியில் பூண்டு அழுகுகிறது என்று தகவல் வந்து, ஒரு காலையில் அண்ணனும் நானும் ஜீப்பில் கிளம்பினோம். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. பனி இறங்கி, ஜீப்பின் மூக்குக்கு முன்னால் உலகமே இல்லை. வலப்பக்கம் மலை, இடப்பக்கம் பள்ளம். நான் இடப்பக்கம்.

அவர்கள் காட்டை நெருங்கியிருப்போம். கீழே பனிக்குள்ளிருந்து ஒரு குரல், தொண்டை கிழியும்படி:

“சிரி! சிரி! சிரி!”

அண்ணன் பிரேக்கை மிதித்த மிதியில் என் நெற்றி கண்ணாடியில் மோதியது.

“யாருண்ணே அது? இந்த நேரத்துல எதுக்குச் சிரிக்கச் சொல்றாரு?”

“என் தம்பிங்க. நம்ம ஜீப்புச் சத்தம் அவெனுக்குப் பழக்கம். சிரிக்கச் சொல்லல, மண்ணுங்கிறான். வேரு செர். எனக்கு செரா, அவெனுக்கு…” பனியை உற்றுப் பார்த்தார். “மண்ணு சரிஞ்சு கெடக்கு மேடம்.”

பனி கொஞ்சம் விலகியது. எங்களுக்கு முன்னால் சாலை இல்லை. கடித்துத் துப்பியது போல ஒரு பள்ளம், அதன் விளிம்பில் எங்கள் சக்கரம். அடுத்த நொடி பனி மறுபடி மூடிக்கொண்டது. அதே நேரத்தில் என் பக்கப் பின்சக்கரம் மெல்ல உள்வாங்கியது. நான் கதவில் கை வைத்தேன்.

“தெறக்காதீங்க! ஆடாம இருங்க!”

ரிவர்ஸ் எடுத்தார். சக்கரம் வெறுமனே சுற்றியது, ஜீப் இன்னும் சாய்ந்தது. பின்னால் எங்கே சாலை, எங்கே பள்ளம் என்று எங்களுக்குத் தெரியாது. கீழ்ப் படியில் நின்ற தம்பிக்கு மட்டும்தான் சக்கரம் தெரிந்தது. அவர் கத்தினார்:

“குளி! குளி!”

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்துவிட்டார்.

“என்னண்ணே சொல்றாரு?”

“தெரியலைங்க. இந்த வார்த்தைய அவென் சொல்லி நான் கேட்டதே இல்ல.”

“தமிழ்ல கேளுங்கண்ணே!”

“சத்தியம் பண்ணிருக்கேங்க.”

நான் கண்ணாடியை இறக்கி, தலையை நீட்டாமல் அலறினேன். “தம்பி! எங்கிட்ட தமிழ்ல சொல்லுங்க! நான் எந்தச் சத்தியமும் பண்ணலை!”

“உங்ககிட்ட சொன்னாலும் அந்தாளுக்குக் கேக்கும்ல!” என்று சுத்தமான தமிழில் பதில் வந்தது. உடனே, அழுகிற குரலில், “குளி! குளி!”

என் பக்கம் கற்கள் உதிரும் சத்தம் கேட்டது. அவை கீழே போய் விழும் சத்தம் கேட்கவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். இலக்கணம் போட்டுக்கொண்டிருந்தார்.

“அவென் சொல்றது குளி. இ-யை எடுத்துரு. உ முன்னாடி ஒ-வா இருந்திருக்கும். அப்ப வேரு கொள். எனக்குன்னா கொளா…”

கண்ணைத் திறந்தார்.

“வாய்க்கா! மேடம், வாய்க்கா பக்கம் ஒடிக்கச் சொல்றான்!”

வாய்க்கால் ஓடுவது மலையோரம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். ஜீப் உறுமியது, உதறியது, ஒரு கணம் எந்தப் பக்கமும் போகாமல் நின்றது. பிறகு பின்புறமாக ஏறிப்போய் மலைச்சுவரில் இடித்து நின்றது. நாங்கள் நின்றிருந்த இடம் கொஞ்ச நேரத்தில் சத்தமே இல்லாமல் கீழே போனது.

இறங்கினோம். நான் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தம்பி முழங்கால் வரை சேறோடு சரிவில் ஏறி வந்தார். அண்ணனைவிட ஒல்லி, அதே மூக்கு. ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியாக அண்ணனின் வெறுந்தலையைப் பார்த்தார். தம்பி தன் தலையிலிருந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றி அண்ணன் தலையில் மாட்டி, காது மூடும்வரை இழுத்துவிட்டார்.

“கொளா,” என்றார் அண்ணன்.

“குளி,” என்றார் தம்பி.

“கொளா, கொளா,” என்று தம்பியின் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார் அண்ணன். தம்பி தலையை ஆட்டி மறுத்து, அண்ணன் நெஞ்சைத் தொட்டு “குளி” என்றார். வாய்க்கால் உனக்கே என்று இருவரும் மாறி மாறிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது புரிய எனக்குக் கொஞ்சம் நேரமானது. அந்த வாய்க்காலால் வந்த சண்டை என்பதால், அதுவரை தம்பி அந்த வார்த்தையை வாயிலேயே எடுத்ததில்லையாம்.

மழை ஓய்ந்ததும் இருவரும் சேர்ந்து வாய்க்காலைத் தூர் வாரினார்கள். தமிழில் மட்டும் பேசவில்லை.

“அதான் ராசியாயிட்டீங்களே, இன்னும் எதுக்குண்ணே இந்தப் பாஷை?”

“தமிழ்ல பேசிட்டா இது செத்துரும்லங்க? பேசுறதே ரெண்டு பேரு.” சற்று யோசித்தார். “நீங்களும் அன்னைக்கு என்கூட சாகக் கெடந்தவங்கதானே. உங்களுக்கும் ஒரு கிளை போட்டிருவோம். நடுவுல அ, கடைசியில உ. தண்ணிக்கு நமு, பனிக்கு தமு. வெரசா பழகிக்கங்க.”

பழகிக்கொண்டேன். அப்புறம் திண்டுக்கல்லுக்கு மாற்றலாகிவிட்டது. இந்த வெயிலில் பனிக்கு வார்த்தை தெரிந்து என்ன பயன்?

போன வாரம் மலையில் விடாத மழை என்றார்கள். கையிலிருந்த சோலியை அப்படியே போட்டுவிட்டு நொமா அண்ணனுக்குத்தான் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

“நான் நல்லாருக்கேன், சொல்லுத்தா,” என்றார். மேடம் என்று சொல்லவில்லை.