ஆல்வினின் கூலிங் கிளாஸ் படம்

"படம் தொறக்கவே மாட்டீங்குதாமா தம்பி," என்று சொல்லிக்கொண்டே செவ்வந்தி ஸ்டுடியோவுக்குள் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதத்திலேயே, இனி லேசில் எழுந்திருக்க மாட்டாள் என்று ஜெரோமுக்குத் தெரிந்துபோயிற்று.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஸ்டுடியோ வைத்து ஊரையே படம் பிடித்தவன் ஜெரோம். அவனைப் பிடித்த படம்தான் ஒன்றும் கிடையாது. தரகர் கேட்கிறார், ஒரு போட்டோ கொடுடா என்று அம்மா கேட்கும்போதெல்லாம் நாளைக்கு என்பான். அந்த நாளை வருவதற்குள் முன்நெற்றி ஏறத் தொடங்கிவிட்டது.

செவ்வந்தியின் மகன் ஆல்வினுக்கு உடுமலைப்பேட்டையில் பெண் பார்த்திருந்தார்கள். பையன் போட்டோ பெண்ணுக்குப் பிடித்தால்தான் மேற்கொண்டு பேச்சு. அவனைத் தொண்டாமுத்தூர்த் தென்னந்தோப்பில் நிறுத்தி, கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, பக்கத்தில் நின்று ஜெரோம் கெஞ்சிப் பார்த்தான். புதுக் கூலிங் கிளாஸை மட்டும் கழற்ற முடியாது என்றுவிட்டான் ஆல்வின்.

ஜெரோம் எடுப்பது எப்போதும் ரா ஃபைல். கேமரா கண்டது அத்தனையும் அதில் இருக்கும். கம்ப்யூட்டரில் போட்டுப் பக்குவம் செய்தால்தான் படமாகும். ஜேபெக் என்றால் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு மீதியைக் கொடுப்பது என்று அவனுக்கு ஓர் இளக்காரம். அவசரத்தில் அந்த ராவையே அனுப்பிவிட்டிருந்தான். மாப்பிள்ளை படம் முதலில் அத்தை கண்ணில் பட்டுத்தான் பெண்ணுக்குப் போக வேண்டும் என்பது பெண் வீட்டு வழக்கம். அத்தை சின்னாத்தாளின் செல்போனுக்கு ரா பிடிபடவில்லை.

சரி என்று மானத்தை விட்டு ஜேபெக் ஆக்கி வாட்ஸப்பில் அனுப்பினான். வாட்ஸப் தன் பங்குக்கு அதை நசுக்கியது. செவ்வந்தி மறுபடி வந்தாள்.

"பையனுக்கு அம்மை போட்டுதுங்களான்னு கேக்கறாங்க. மூஞ்சியெல்லாம் கட்டங்கட்டமா இருக்குதாமா."

"பிஎன்ஜியில அனுப்பறனுங்க அக்கா. அது செதையாது."

அதோடு நின்றிருக்கலாம். தோப்பில் கிடந்த காய்ந்த மட்டையெல்லாம் எதற்கு என்று ஆல்வினை மட்டும் வைத்துக்கொண்டு பின்னணியை வெட்டி எடுத்தான். வெட்டிய இடம் அந்த செல்போனில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி கன்னங்கரேலென்று விழுந்தது. சின்னாத்தாள் போன் போட்டு, நல்லாத்தானுங்க இருந்தாரு, எப்பங்க அடக்கம் என்று விசாரித்தாளாம்.

அன்று ஆல்வினே ஸ்டுடியோவுக்கு வந்தான். இந்தச் சம்பந்தமும் போனால் இனி யார் தனக்குப் பெண் கொடுப்பார்கள் என்று கேட்டான். கண் கலங்கியதா என்று தெரியவில்லை. கூலிங் கிளாஸ் போட்டிருந்தான்.

ஜெரோமுக்கு அலுத்துப்போயிற்று. தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்பதே மறந்துவிட்டது. அத்தை செல்போனே வேண்டாம் என்று முடிவு செய்தான். பெண் கிருபா ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் டிசைனராம். அத்தையும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள்ளட்டும். ஒரு புள்ளியைக்கூட விடாமல் படத்தை அப்படியே டிஃப் ஃபைலாக்கி, பென்டிரைவில் போட்டு, உக்கடம் போய் உடுமலை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினான்.

மறுநாள் சாயங்காலம் சின்னாத்தாள் கூப்பிட்டபோது செவ்வந்தி ஸ்டுடியோவில்தான் இருந்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"இப்பத்தானுங்க படம் தெளிவா இருக்குது. கிருபா கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தாளுங்க. அவளுக்குப் புடிச்சுப்போச்சு."

செவ்வந்தி சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெரோம் அப்பாடா என்று மேசையில் தலையைச் சாய்த்தான். சின்னாத்தாள் இன்னும் போனை வைக்கவில்லை.

"கேக்கறதுக்கே சங்கட்டமா இருக்குதுங்க. அந்தக் கூலிங் கிளாஸுக்குள்ள, கேமரா பக்கத்துல ஒருத்தர் நிக்கறாருங்களே, அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"