கப்பல் பூஜ்யத்துக்குப் போன கதை

மதிப்பிற்குரிய இரண்டாம் இன்ஜினியர் அம்மையார் அவர்கள் சமூகத்துக்கு,

உன் கணவன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஒருவரையொருவர் வீட்டைவிட்டுத் துரத்தாத அளவுக்கு நலம். அங்கே நீயும் உன் எஞ்சினும் அந்த அளவுக்காவது ஒத்துப்போவீர்கள் என்று நம்புகிறேன். கப்பலில் போன் கிடைப்பதில்லை; இங்கே கப்பல் ஏஜென்டிடம் கொடுத்தால், அடுத்த துறைமுகத்தில் இதை உன் கையில் சேர்ப்பாராம்.

நீ கிளம்பிய வாரமே அத்தை என்னிடம், கம்ப்யூட்டர் வேலைதானே பார்க்கிறீர்கள், பிள்ளை எங்கே போகிறாள் என்று காட்டக்கூடாதா என்று கேட்டார். நானும் மாப்பிள்ளை முறுக்கில் ஒத்துக்கொண்டேன். கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் ஒரு இணைய சேவை இருக்கிறது. கப்பல் பெயரைக் கொடுத்தால் ஜேசன் என்கிற வடிவத்தில் ஒரு பொட்டலம் அனுப்பும்: வேகம், அட்சரேகை, தீர்க்கரேகை, இன்னும் என்னென்னவோ. நான் எழுதும் கணினி மொழியோ கறார்ப் பேர்வழி. எது எண், எது எழுத்து என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் பொட்டலத்தைப் பிரிக்கவே விடும். உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதினேன், கப்பலின் கொடி உட்பட. ஹாலில் திரையை வைத்தால் உலகப் படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்தான். மறுநாளே சேவைக்காரன் வேகத்தை எண்ணாக அனுப்பாமல் மேற்கோள் குறிக்குள் போட்டு எழுத்தாக அனுப்பினான், மொழி ஏற்கவில்லை, புள்ளியைக் காணோம். அதைச் சரிசெய்தேன். அப்புறம் ஒருநாள் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வரவே இல்லை. இதுக்கெல்லாம் நின்னுடக் கூடாதேன்னு, எது வரலையோ அதைப் பூஜ்யம்னு வெச்சுக்கோன்னு எழுதிட்டு ஆபீஸ் கிளம்பிட்டேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

ரெண்டும் பூஜ்யம்னா, பூமத்திய ரேகை மேல நட்டநடுக் கடல். உன் கப்பல் கண்மூடித் திறக்கறதுக்குள்ள பாதி உலகத்தைத் தாண்டி அங்க போய் நின்னிருக்கு. அத்தை பார்த்துட்டாங்க. உங்க கம்பெனிக்குப் போன் போட்டு, என் பொண்ணை யாரைக் கேட்டு அங்க கொண்டுபோனீங்கன்னு அதட்டி, மேனேஜர் பயந்துபோய்க் கேப்டனுக்குத் தகவல் அனுப்பி... மீதியை நீயே கேள்விப்பட்டிருப்பே. நான் மீட்டிங்கை விட்டுட்டு ஓடி வந்தா, அத்தை திரைக்கு முன்னால நின்னுக்கிட்டு அந்தப் புள்ளியை விரலால பழைய இடத்துக்குத் தள்ளிப் பார்த்துக்கிட்டிருக்காங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

அன்னைக்கே எழுதின விளக்கம் எல்லாத்தையும் அழிச்சேன். நமக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு எண். அதை மட்டும் கேட்கிற மாதிரி சின்னதா ஒண்ணு எழுதினேன்: இருந்தா எண்ணாக் கொடு, இல்லேன்னா இல்லைன்னு சொல்லு, நீயா எதையும் நிரப்பாதே. இப்போ தகவல் வராதப்போ புள்ளி இருந்த இடத்துலயே மங்கலா நிக்கும், கீழே 'தெரியவில்லை'ன்னு வரும். அத்தை அதைப் படிச்சுட்டு, "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுது. உங்களைவிடத் தேவலை மாப்பிள்ளை"ன்னாங்க.

நேத்து புள்ளி வீட்டுப் பக்கம் திரும்பிடுச்சு. அதுலேர்ந்து அத்தை உன் போர்வையைத் தினமும் வெயில்ல போட்டு எடுப்பேன்னு நிக்கிறாங்க. குளியலறைக் குழாய் சொட்டுது. பிளம்பர் வரேன்னார், வேண்டாம்னுட்டேன். நீ ஸ்பேனரைப் பிடிச்சு, என்னைத் திட்டிக்கிட்டே திருகுற சத்தம் கேட்டு நாளாச்சு.

எஞ்சின் சூட்டில் கையைச் சுட்டுக்கொள்ளாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வந்த வழியே திரும்பி வர அத்தையின் ஆசியும் அடியேனின் விண்ணப்பமும்.

இப்படிக்கு,
கரையில் விடப்பட்ட கணவன்

பி.கு.: கடிதம் கொடுக்கப் போன இடத்தில் ஏஜென்ட் என் போனில் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு, இது அதே பெயருள்ள வேறு கப்பல் என்றார். எண் எண்ணாக, எழுத்து எழுத்தாக எல்லாம் சரிதான், கப்பல்தான் தப்பு. உன்னுடையது இன்னும் எங்களைவிட்டு விலகித்தான் போய்க்கொண்டிருக்கிறது. கடிதத்தைத் திரும்ப வாங்கி வந்து அத்தையிடம் சொன்னேன். போய்ப் போர்வையை வெயிலிலிருந்து எடுத்து வந்தார். பிறகு, "அதை அணைச்சிடாதீங்க. அதுலயும் யாரோ வீட்டுக்குத் திரும்பிக்கிட்டுத்தானே இருக்காங்க" என்றார். உன் கப்பலையும் தேடிச் சேர்த்து, இரண்டு புள்ளிகளையும் ஓடவிட்டிருக்கிறேன்.